தேன் உறைந்தது, எனக்கு உறைத்தது

நவம்பர் 3, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் மதியம் வந்து மாலையில் கிளம்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மகள் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். நேரில் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்பதால் இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். "அத்தை குடுத்தாங்கம்மா. வீட்டுக்குப் பின்னாடி தேனீ வளர்க்கிறாங்கல்ல, அந்தத் தேன். சூடே காட்டாததாம். அப்படியே சாப்பிடணுமாம்."

அத்தை என்றால் அவள் மாமியார், எனக்குச் சம்பந்தி அம்மா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்தவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்பது போலவே பார்ப்பார். நிச்சயதார்த்தத்திலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட்கார்டில் அடங்கிவிடும். அதில் பாதி "சாப்பிட்டீங்களா"தான். நானோ மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள். அவர் முன்னால் போனால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பாட்டிலைப் பார்த்தேன். கலங்கலாக இருந்தது. மேலே வெள்ளையாக நுரை, ஓரத்தில் மெழுகுத் துணுக்கு ஒன்று. கழுத்துக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்தியிருக்கிறார். கஞ்சத்தனமா, இல்லை அதுதான் வழக்கமா? போகட்டும். கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே பெரிசு.

நவம்பர் 5, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தால் சமையலறை பரிசோதனைக் கூடமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நான்கு தடவை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அவர் பார்க்கும் லிஃப்டில் நான் ஏறும்போது அந்தக் குணம் பிடிக்கும். என் சமையலறையில் பிடிக்காது.

கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தம்ளர் தண்ணீரில் தேனை விட்டிருக்கிறார். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்ததாம், அதனால் அசல். தீக்குச்சியைத் தேனில் நனைத்து உரசினாராம், எரியவில்லையாம், அதனால் போலி. கட்டை விரலில் ஒரு சொட்டு வைத்தாராம், வழிந்ததாம், போலி. காகிதத்தில் வைத்தாராம், ஊறவில்லையாம், அசல். எறும்புக்காகக் காத்திருந்தாராம், எறும்பு வரவில்லையாம்.

"எறும்பு வரலன்னா நல்லதா கெட்டதா?"

"அதுல ரெண்டு கட்சி இருக்கு" என்றார்.

விட்டால் தேனை லிஃப்டில் ஏற்றி இறக்கிப் பார்ப்பார் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

நவம்பர் 6, புதன்

சமையலறை மேடையெல்லாம் பிசுபிசு. பரிசோதித்தவரே துடைத்தார்.

நவம்பர் 16, சனி

குளிர் இறங்கிவிட்டது. கடையில் இன்று கூட்டம். குளிரில் ஃப்ரேம் எல்லாம் விறைத்துக்கொள்ளும், காதுப்பக்கம் வளைக்கச் சூட்டுக் காற்றில் காட்டினால்தான் வழிக்கு வரும். ஒரு அம்மா தன் கண்ணாடியை வீட்டு அடுப்பில் காட்டி வளைத்துவிட்டு, லென்ஸ் மேல்பூச்சு பொரிந்துபோய் வந்து நின்றார். "லேசாத்தாங்க காட்டினேன்." எல்லாரும் லேசாகத்தான் காட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். தேன் அடியிலிருந்து முக்கால்வாசி கட்டியாகிவிட்டது. வெளுத்து, மணல் மணலாக.

"பார்த்தியா? சர்க்கரை! நான் சொன்னேன்ல?"

"நீங்க ரெண்டும் சொன்னீங்க."

"தீக்குச்சி சொன்னது சரியாப் போச்சு. பாகு காய்ச்சி ஊத்தியிருக்காங்க."

அந்த அம்மா அப்படிச் செய்கிற ஆளா? ஆனால் கண்ணுக்கு முன்னால் கட்டியாக நிற்கிறதே. மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். புகுந்த வீட்டில் இப்போதுதான் வேர்விட ஆரம்பித்திருக்கிறாள். ஒரு பாட்டில் தேனுக்காக அதைக் கிளறக் கூடாது.

நவம்பர் 17, ஞாயிறு

கொட்டிவிடலாம் என்று பாட்டிலைத் தொட்டிவரை கொண்டுபோனேன். கொட்ட மனம் வரவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன்.

அம்மாடி.

நாக்கில் வெண்ணெய் போலக் கரைந்தது. முதலில் இனிப்புத் தெரியவில்லை, வாசம்தான் தெரிந்தது. மழை விட்டதும் வேலி ஓரமாக நடந்தால் வருமே, அந்த வாசம். இனிப்பு பின்னால்தான் வந்தது. கடைசியில் தொண்டையில் சின்னதாக ஒரு காரம், புளிப்பு என்றும் சொல்லலாம். சர்க்கரைப் பாகு இப்படியா இருக்கும்? இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இன்னொரு ஸ்பூன்.

சுரண்டி எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, அலமாரியில் பழைய கண்ணாடி உறைகள் அடுக்கியிருக்கும் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் அந்தப் பக்கம் போகமாட்டார். இந்த வயதில் ஒளித்துவைத்துத் தின்கிறேன்!

நவம்பர் 24, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு அத்தையும் வருகிறாராம். அவராகவே வருகிறேன் என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை.

சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தப் பாட்டில் ஞாபகம் வந்தது. மேசையில் அவருடைய தேன் இல்லாவிட்டால் என்ன நினைப்பார்? கட்டியாகப் போனதை எடுத்து வைத்தால், 'உன் பாகு உறைந்துபோச்சு பார்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? வேறு யாராக இருந்தாலும் போனைப் போட்டு "ஏங்க, இது இப்படி ஆயிடுச்சே" என்று கேட்டிருப்பேன். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது? சம்பந்திக்குச் சம்பந்தி எதையும் நேரே கேட்பதில்லை. மகளிடம் சொல்லி, மகள் மாப்பிள்ளையிடம் சொல்லி, அவர் அம்மாவிடம் சொல்லி, போய்ச் சேருவதற்குள் கேள்வி குற்றச்சாட்டாகிவிடும்.

நவம்பர் 30, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். கடைத் தேன் ஒன்று வாங்கிவந்து, அவருடைய பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் ஊற்றிவிட்டோம். இவர்தான் புனல் பிடித்தார். கழுத்துவரை தளதளவென்று நிற்கிறது. பொன் மாதிரி, பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம்போல அவ்வளவு தெளிவு.

"இது எல்லாச் சோதனையிலயும் பாஸ்" என்றார் இவர். தீக்குச்சிகூட எரிந்ததாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

வந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது.

சம்பந்தி அம்மா சாம்பல் நிறச் சால்வை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ரொட்டி, முட்டை, பழம், நடுவில் அவருடைய பாட்டில். பார்த்ததும் கண் அங்கேயே போனது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார். உள்ளே தேன் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

"இது நான் குடுத்ததா?"

"பின்னே? உங்க தேன்தான். வேற யார் தேன்!" என்றேன். எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது எனக்கு.

ரொட்டியில் கொஞ்சம் தடவி ஒரு கடி கடித்தார். மென்றார். பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நல்லா தெளிவா இருக்கு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "தெளிவா இருக்கா, தெளிவா இருக்கா" என்று ஊரையே கேட்கிறவள் நான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு ஏது? சீக்கிரமே கிளம்பிவிட்டார், இருட்டுவதற்குள் போகவேண்டும் என்றார். வாசலில் "வரேன்" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் நல்ல நாள்.

டிசம்பர் 4, புதன்

நல்ல நாளாம். என் தலை!

இன்று கடைக்கு ரொட்டிக் கடைக்காரர் வந்திருந்தார், படிக்கிற கண்ணாடிக்கு மூக்குப் பட்டை மாற்ற. மனுஷருக்குப் பேச்சு ஓயாது, எனக்கும் ஓயாது. பேச்சுவாக்கில் கேட்டேன், தேன் உறைந்தால் அது சர்க்கரைதானே என்று.

"யார் சொன்னது? எங்களுக்கு வாளியில வர்ற தேன் குளிர் வந்தா கல்லா உறைஞ்சுடும். கரண்டியே வளைஞ்சுடும். தேன்ல பெரும்பாலானது என்னைக்காவது ஒருநாள் உறையும்க. சில பூவோடது சட்டுனு, சில பூவோடது வருஷக்கணக்குல."

"அப்போ கடையில இருக்கிறது ஏன் உறையறதில்ல?"

"நல்லாச் சூடுபண்ணி, பொடி வலையில வடிகட்டிடுறாங்க. மகரந்தம், மெழுகு, எல்லாம் போயிடும். அப்புறம் எதைப் பிடிச்சு உறையும்? அதுவும் தேன்தான், நான் குறை சொல்லல. அலமாரியில அழகா நிக்கும். வாசம் மட்டும் போயிடும். சூடு காட்டாதது கலங்கலா இருக்கும், நுரை இருக்கும், உறையும். அதுதான் அதோட லட்சணம்."

கையில் பிடித்திருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. தேன் எப்போதோ உறைந்துவிட்டது. எனக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் வீட்டில் அதே தடவை அடையிலிருந்து எடுத்த தேன் எல்லாம் கட்டியாக நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீராக ஓடுகிறது. அவர் கழுத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்தியது இங்கே கழுத்துவரை தளும்புகிறது. ஒரு மாசம் சாப்பிட்ட தேன் குறையாமல் எப்படி ஏறும்? பார்த்த உடனேயே தெரிந்திருக்கும். வாயில் வைத்ததும் சந்தேகமே போயிருக்கும். அத்தனை வருஷம் ரயிலில் போலி டிக்கெட் பிடித்தவரிடம் போய் நான்—

"நல்லா தெளிவா இருக்கு." அது பாராட்டே இல்லை. கடவுளே.

டிசம்பர் 6, வெள்ளி

மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அத்தை தேனீப் பெட்டியையெல்லாம் குடுத்துடப் போறாங்களாம். நாத்துப் பண்ணைக்காரர் ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டுவராராம். ஏன்னு கேட்டா, சொந்தக்காரங்களே கொட்டிட்டாங்க, இனி எதுக்குங்கறாங்க. அன்னைக்கு வந்ததிலிருந்து சரியாவே பேசல. அம்மா, உங்க வீட்டுல என்னதான் நடந்துச்சு?"

உங்க வீட்டுல. பெற்ற பெண் முதல்முறையாக 'உங்க வீடு' என்கிறாள். சுருக்கென்றது.

நான் மென்று விழுங்கினேன். "ஒண்ணும் நடக்கலையே" என்றேன். அவளுக்குத் தெரியாதா என் குரல்?

"அந்தப் பெட்டிங்கதான்மா அவங்களுக்கு எல்லாமே. காலையில எழுந்ததும் அதுங்ககிட்டதான் முதல்ல போவாங்க. எங்ககிட்டகூட அப்புறம்தான். ஏதாவது செய்யேன்மா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

டிசம்பர் 7, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

என்ன சொல்வது அந்த அம்மாவிடம்? கொட்டவில்லை என்றால், பிறகு ஏன் மாற்றினாய் என்பார். உறைந்ததால் என்றால், உறைந்தால் என்ன என்பார். கடைசியில் 'உங்களைப் பாகு காய்ச்சுகிறவர் என்று நினைத்தோம்' என்பதில்தான் போய் நிற்கும். அதைச் சொல்லாமல் இருந்தால் தேனைக் கொட்டியவர்கள் ஆவோம். சொன்னால் சந்தேகப்பட்டவர்கள் ஆவோம். இரண்டில் எது தேவலை?

மகளிடம் சொல்லச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். எல்லாவற்றையும் அவள் தலைமேல் ஏற்றி ஏற்றித்தான் இங்கே வந்து நிற்கிறோம். நேரில் போவது. பூசி மெழுகாமல் சொல்வது. நடப்பது நடக்கட்டும்.

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. சுரண்டிய கோடெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"நீ தின்னியா? போலின்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னீங்க. நாக்கு சொல்லலையே."

டிசம்பர் 8, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நாங்கள் போகும்போதே வாசலில் வண்டி நின்றிருந்தது. நாற்றுப் பண்ணைக்காரர் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் செங்கல்மேல் வரிசையாகப் பெட்டிகள், வாசலை எல்லாம் துணி அடைத்து மூடியாகிவிட்டது. சம்பந்தி அம்மா அதே சால்வையில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகள் சமையலறைக் கதவருகே, நகத்தைக் கடித்துக்கொண்டு. சின்ன வயதுப் பழக்கம், விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"வாங்க. சாப்பிட்டீங்களா" என்றார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சு ஒரு வார்த்தை வரவில்லை. பையிலிருந்து ஜாடியை எடுத்து அப்படியே நீட்டினேன். உள்ளே ஸ்பூன்கூடக் கிடந்தது, எடுக்க மறந்துவிட்டேன்.

"இது உங்க தேன். அன்னைக்குப் பார்த்தது கடைத் தேன். நான்தான் பொய் சொன்னேன்."

வாங்கிப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்த மாதிரியே வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒட்டியிருந்ததையும், பக்கமெல்லாம் ஸ்பூன் இழுத்த தடத்தையும் பார்த்தார்.

"கொட்டலையா?"

"கொட்டறதா! நான் திருட்டுத்தனமாத் தின்னுட்டிருந்தேன். இவருக்குக்கூடக் குடுக்காம."

"திருட்டுத்தனமா எதுக்கு?"

அங்கேதான் நான் திணறினேன். அப்போது இவர் முன்னால் வந்தார். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் சொல்வாரே, அந்தக் குரல். "நான்தாங்க காரணம். உறைஞ்சதும் சர்க்கரைன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடியே தீக்குச்சியெல்லாம் வச்சுப் பார்த்தேன். தப்புத்தான், மன்னிச்சுடுங்க."

நாற்றுப் பண்ணைக்காரர் கயிற்றோடு நின்றார்.

"எரிஞ்சுதா?" என்றார் சம்பந்தி அம்மா.

"எரியலைங்க."

"தேன்ல நனைச்ச குச்சி எப்படி எரியும்? தலையில பிசுக்கு இருக்கும்ல?"

"கடைத் தேன்ல எரிஞ்சுதுங்க."

"அது காஞ்ச குச்சியா இருந்திருக்கும்" என்றார். உதடு லேசாக இழுத்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. தும்முகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு. அந்த அம்மாவுக்குச் சிரிக்க வரும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. சால்வையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "எறும்பு விட்டீங்களா?" "வரலைங்க" என்று இவர் சொன்னதும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு அவரும் சொன்னார். "அன்னைக்கு உங்க மேசையில அதைப் பார்த்ததும், கழுவிக் கொட்டிட்டு வேற ஊத்தி வச்சிருக்காங்க, என் மனசு கோணக்கூடாதுன்னு மரியாதைக்கு நாடகம் ஆடுறாங்கன்னு நினைச்சேன். எனக்குப் பேச்சு வராதுங்க. கல்யாணத்துலயே உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு பார்த்தேன், வரல. அதான் தேனைக் குடுத்துவிட்டேன்."

எனக்குப் பேச வந்திருந்தால் நானாவது போனில் கேட்டிருப்பேன். வாயாடி என்று பெயர், கேட்கவேண்டியதைக் கேட்க மட்டும் வாய் இல்லை.

வண்டி வெறுமனே திரும்பிப் போனது. நாற்றுப் பண்ணைக்காரர் முணுமுணுத்தார், ஒரு பாட்டில் தேன் கொடுத்ததும் முணுமுணுப்பு நின்றது.

சம்பந்தி அம்மா துணியை ஒவ்வொரு பெட்டியாக எடுத்துவிட்டார். எனக்குத் தேனீ என்றால் பயம், இவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "பயப்படாதீங்க, குளிர்ல வெளிய வராது. காதை வச்சுப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். வைத்தேன். உள்ளே ஆழத்தில் உம்மென்று ஒரே சீராக ஒரு சத்தம். கையில் ஏதோ சில்லென்றிருந்தது, அவருடைய கையா பெட்டியா என்றே தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ.

டிசம்பர் 9, திங்கள்

நிம்மதியாகத் தூங்கினேன். மகள் காலையில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "அத்தை பாட்டுப் பாடுறாங்கம்மா. சகிக்கல."

டிசம்பர் 21, சனி

இப்போது இவர் பெரிய தேன் பண்டிதர். கைப்பேசியில் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டார், சம்பந்தி அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் பிரசங்கம். நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. கண் பரிசோதனைக்கு உட்கார்கிறவரிடம் எழுத்துப் பலகைக்குப் பதிலாகத் தேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

இன்று ஒருவர் கேட்டார், "அப்போ நல்ல தேனை எப்படித்தாங்க கண்டுபிடிக்கிறது?" சம்பந்தி அம்மாவிடம் நானும் இதையேதான் கேட்டேன். அவர் சொன்னது முதலில் ஏமாற்றமாக இருந்தது. வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாதாம். தண்ணீர், தீ, விரல், எறும்பு, எதுவும் சொல்லாதாம். கெட்டிக்காரத்தனமாகக் கலந்திருந்தால் அவருக்கே தெரியாதாம், ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகவேண்டுமாம். உறைந்தது என்பதற்காக அசல் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாதாம், பாகும் சிலசமயம் உறையுமாம்.

"அப்போ என்னதான் பண்றது?" என்று சம்பந்தி அம்மாவிடமே கேட்டேன்.

"விக்கிறவங்களைக் கேளுங்க. எந்தப் பூ, எப்போ எடுத்தது, சூடு காட்டினீங்களா, எதுல வடிகட்டினீங்க. எடுத்தவங்களுக்குப் பதில் தெரியும். தெரியாதவங்க 'சுத்தமான தேன்'னு மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்வாங்க. மூடியைத் திறந்து மோந்து பாருங்க. புளிச்ச வாசம் வந்து, நுரை பொங்கிட்டே இருந்தா வாங்காதீங்க, தண்ணி அதிகம். ஒருதரம் வாங்கினது மாதிரியே அடுத்த தரமும் இருக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. பூ மாறினா நிறமும் மாறும், ருசியும் மாறும். ஒவ்வொரு தடவையும் அச்சடிச்ச மாதிரி இருந்தா பல இடத்துத் தேனைக் கலந்து ஒண்ணாக்கினதுன்னு அர்த்தம்."

டிக்கெட் பரிசோதனை மாதிரிதான். எங்கே ஏறினீங்க, எங்கே இறங்கறீங்க.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்: ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்கில்கூடத் தடவக் கூடாது. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

கேட்டவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டு, "சரி, எனக்கு எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது, அதைப் பாருங்க" என்றார்.

டிசம்பர் 29, ஞாயிறு

சம்பந்தி அம்மா புதுப் பாட்டில் கொடுத்தார், போன தடவைக்கு அடுத்து எடுத்தது. "இது வேற பூ, மெதுவாத்தான் உறையும். அவசரப்படாதீங்க" என்றார். கழுத்துக்கு ஒரு விரல் கீழே. ஏன் என்று இந்தத் தடவை நேரேயே கேட்டேன். ஸ்பூன் விடும்போது பொங்கி வழியக் கூடாது என்பதற்காகவாம். இவ்வளவுதான்! நான் கஞ்சத்தனம் என்று எழுதிவைத்திருக்கிறேன். போய் அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

கட்டியானதை இளக்க வேண்டுமென்றால் மூடியோடு, கை பொறுக்கிற வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் போதுமாம். அடுப்பில் வைத்தால் வாசம் ஓடிவிடும். அடுப்பில் காட்டிப் பொரிந்துபோன அந்த லென்ஸ் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் யாரும் இளக்கப்போவதில்லை. உறையட்டும் என்றுதான் காத்திருக்கிறோம். பாட்டில் ஜன்னல் ஓரத்தில் நிற்கிறது. இவர் காலையில் பல் விளக்கும் முன்னால் போய்ச் சாய்த்துப் பார்க்கிறார்.

ஜனவரி 11, சனி

அடியில் மங்கல். இவர் "ஆரம்பிச்சிடுச்சு" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

வீடு துடைத்தேன். மதியம் தூங்கினேன். கடைக்குப் போகாத நாள் இப்படி இருக்கவேண்டும்.

சாயங்காலம் போன் அடித்தது. மகள் எண். எடுத்தால் சம்பந்தி அம்மா. மகளிடமிருந்து போனைப் பிடுங்கியிருக்கிறார், பின்னால் அவள் "அத்தை, நான் இன்னும் பேசவே இல்ல, நம்ம வீட்டுத் தேனைப் பத்தி நான்தான் முதல்ல கேப்பேன்" என்று கூவுவது கேட்டது. நம்ம வீட்டுத் தேன். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எந்த வீடாக இருந்தால் என்ன?

சம்பந்தி அம்மா வணக்கம் சொல்லவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"என்னடி, உறைஞ்சுதா இல்லையா?"

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தேன். என்னோடு பள்ளியில் படித்தவர்களுக்குப் பிறகு என்னை யாரும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஜன்னல் ஓரத்துக்குப் போய்ப் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன்.

"உறைஞ்சுடுச்சுடி. மேல மட்டும் ஒரு விரல் அளவு இன்னும் இளகித்தான் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும், அதுவும் ஆயிடும்" என்றார். அப்புறம் தேனீ, மகளின் இருமல், இவருடைய புதுத் தொப்பி என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

போனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டபோதுதான், பதிலுக்கு நானும் 'டி' போட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.